பாதம் திரும்பிய பக்கம்

கலாராணி வேறெங்காவது விழுந்து கையை முறித்துக்கொண்டிருந்தால், குருவிமலைத் தேயிலைத் தோட்டத்து மேல் பிரிவில் அதை இரண்டு நாளுக்கு மேல் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். கொழுந்து மலையில் வழுக்கி விழாத பொம்பிளை எந்த லயத்து வரிசை வீட்டில் இருக்கிறாள்? அட்டைக்கடி மாதிரி அதுவும் தொழிலோடு வருவதுதான். ஆனால் அவள் விழுந்தது பீலிக்கரையில். மலை ஊற்றைக் குழாய் வைத்து விழவிட்டிருக்கும் இடம் அது. லயத்துக்கே குடிதண்ணீர் அங்கேதான். அதற்குச் சற்று மேலே, அத்தி மரத்தடியில், முனியின் கல் நிற்கிறது.

அவளுடைய அம்மா விழுந்ததும் அங்கேதான். முப்பது வருசத்துக்கும் மேலாகிறது. முனி அடித்து விழுந்த அம்மா அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

"கொடத்தோட விழுந்தவளுக்குக் கொடம் ஒடையல, கை மட்டும் ஒடஞ்சிருக்கு. அப்ப அது சும்மா விழுந்ததா?" என்று லயத்துப் பெண்கள் கேட்டார்கள். பிளாஸ்டிக் குடம் எப்படி உடையும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பயம் வந்த இடத்தில் இதெல்லாம் யாருக்குத் தோன்றும்?

கை முறிந்த அன்றைக்கே அக்கா பாக்கியலெட்சுமி வந்துவிட்டாள். பக்கத்து லயம்தான், ஆனாலும் அந்த ஏற்றத்தை ஏறி வருவதற்குள் அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு, முந்தானையில் முடிந்துவந்த திருநீற்றை எடுத்துத் தங்கையின் நெற்றியில் அப்பினாள்.

"மொதல்ல அம்மா. இப்ப நீ. ஒரு சாவக்கோழிய அறுத்துப் போட்டுட்டு வந்துருவோம்டி. கேக்குறத குடுக்காம வச்சிருந்தா அது நம்மள சும்மா விடுமா?"

"வெள்ளிக்கு வெள்ளி வெளக்கு வச்சு, வருசா வருசம் பொங்கலும் நீதான் வைக்கிறியேக்கா. இன்னும் என்னா கேக்குது?"

"அது என்னா கேக்குதுன்னு தெரிஞ்சா நான் ஏன்டி இப்பிடி அலையிறேன்?"

அப்படிச் சொன்னபோது அக்காவின் முகம் போன போக்கு கலாராணிக்குப் பிடிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவளுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் வலது கால் கொஞ்சம் கனப்பது போல இருந்தது. அம்மாவுக்கும் வலது கால்தான்.

மாவுக்கட்டு பிரித்த பிறகு பதுளைப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஐப்பசி மழை. ஹாலிஎலவிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். கண்ணாடியெல்லாம் ஆவி பிடித்து, எந்த வளைவில் போகிறோம் என்றே தெரியவில்லை.

டொக்டர் துவாரகா யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வயது முப்பதுகூட இருக்காது. கையைத் திருப்பிப் பார்த்தாள், விரலை மடக்கச் சொன்னாள், பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, சும்மா நிண்ட நிலையில விழுந்து மணிக்கட்டு முறிஞ்சதெண்டால் எலும்பு தேஞ்சிருக்கலாம். கொஞ்சம் கேள்வி கேக்கப் போறன். பயப்படாதேங்கோ. உங்களைப் போல நூறு பேரை எடுத்தால், வாற பத்து வருசத்தில எத்தனை பேருக்கு இடுப்பு எலும்பு முறியும் எண்டு இது கணக்குச் சொல்லும்."

"அந்த எத்தனை பேருல நான் இருக்கேனாங்க?"

"அது தெரியாது அம்மா. அதை மட்டும் இது சொல்லாது."

குறி சொல்கிற கோடாங்கிகூட ஆளைக் காட்டித்தானே சொல்லுவான், இது என்ன குறி என்று கலாராணி நினைத்துக்கொண்டாள். ஆனால் டொக்டரம்மாவின் குரல் நன்றாக இருந்தது. வயதைக் கேட்டாள். நிறையையும் உயரத்தையும் பார்த்து வைத்திருந்தார்கள்.

"சிகரெட் பிடிக்கிறனீங்களோ?"

கலாராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெத்தல போடுவேங்க."

"அது இதில இல்லை. இழுப்புக்கு, மூட்டு வருத்தத்துக்கு எண்டு ஸ்டீரொயிட் குளிசை ஏதும் கனகாலம் போட்டனீங்களோ? சின்ன வெள்ளைக் குளிசை."

"நான் போடலிங்க. எங்க அக்காதான் போடும்."

"அது எலும்பைத் தின்னும். அக்காவையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ. சரி. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பு எலும்பு முறிஞ்சிருந்ததோ?"

"இல்லீங்க."

சட்டென்று சொல்லிவிட்டாள். அப்பா நெஞ்சுவலியில் போனவர். அம்மாவை முனி அடித்தது. இதில் எலும்பு எங்கே வந்தது? படித்த பிள்ளையிடம் முனி கதையைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. "அம்மா காய்ச்சல்ல போனாங்க" என்றாள். அதுவும் பொய்யில்லை. கடைசி ஒரு வாரம் அம்மாவின் உடம்பு கொதித்தது.

டொக்டரம்மா எதையோ தட்டினாள். "நல்லது. மருந்து தொடங்கிற கோட்டுக்குக் கீழதான் நிக்குது. இப்பவே பெரிய மருந்து தேவையில்லை. கல்சியம் குளிசை தாறன். பால், நெத்தலி, கீரை சாப்பிடுங்கோ. வழுக்கிற இடத்தில கவனம்." கதவுவரை வந்தவளைப் பார்த்து மறுபடி சொன்னாள், "அக்காவை மறக்காதேங்கோ."

கலாராணிக்கு நெஞ்சு லேசாகியிருந்தது. முனியின் கணக்கில் இருந்தாலும் இந்தக் கணக்கில் தான் இல்லை என்று ஒரு நிம்மதி. மருந்து வாங்கும் வரிசைக்குப் போகிற வழியில்தான் அந்தத் தள்ளுவண்டி எதிரே வந்தது.

அதில் ஒரு கிழவி. கொஸ்லந்தப் பக்கத் தோட்டமாம், மழையில் வாசல் படியில் சறுக்கி விழுந்தாளாம், மகன்காரன் யாரிடமோ சொல்லிக்கொண்டே கூட நடந்தான். வளைவில் வண்டி லேசாக இடித்தது. கிழவி போட்ட கத்தலில் போர்வை விலகியது.

வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. சுண்டுவிரல் மெத்தையைத் தொட்டது. அந்தக் கால் மற்றக் காலைவிடக் குட்டையாக இருந்தது.

கலாராணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் காலை அவளுக்குத் தெரியும். முழங்கால், கெண்டைச்சதை, திரும்பியிருக்கிற கோணம், எல்லாமே தெரியும். எத்தனையோ நாள் அதற்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கிறாள்.

வண்டிக்குப் பின்னால் வந்த தாதி ஷாகிராவின் கையைப் பிடித்தாள். மாவுக்கட்டு போட்ட அன்று பேசிப் பழகியவள்.

"மிஸ், அந்தக் கால யாரு அப்பிடித் திருப்புனது?"

"யாரும் திருப்பல்ல. இடுப்பெலும்பு ஒடஞ்சா கால் அப்பிடித்தான் வெளிய திரும்பும், கட்டையாவும் போகும். படம் எடுக்காமலே சொல்லலாம்."

"அத... நேரா இழுத்து விட்டா?"

"அல்லாவே! சும்மா அசைச்சாலே உசிர் போற வலி. இழுக்கவா? ஏன், யார் இழுத்த?"

கலாராணி தாதியின் கையை விட்டாள். மாத்திரை வாங்கவும் நிற்கவில்லை. மழையில் நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

அம்மாவை அன்று பீலிக்கரையிலிருந்து படங்குச் சாக்கில் வைத்துத் தூக்கி வந்தார்கள். லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், கிடத்தியதும் இராசையா பூசாரியை அழைத்தார்கள். அவர் பாதத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்: முனி காலைத் திருகிப் பிடித்திருக்கிறது, தோட்டத்து எல்லை தாண்டித் தூக்கிக்கொண்டு போனால் உயிரை எடுத்துவிடும், கால் நேராகிவிட்டால் முனி இறங்கிவிடும். தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று சொன்ன கங்காணியைத்தான் எல்லோரும் திட்டினார்கள்.

உடுக்கு அடிக்க அடிக்க, பாக்கியலெட்சுமி அம்மாவின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து உட்பக்கமாகத் திருப்பி இழுத்தாள். கலாராணி அம்மாவின் தோளை அமுக்கிக்கொண்டு, பூசாரி சொல்லிக் கொடுத்தபடி, "போ! போ!" என்று கத்தினாள். கத்தலும் உடுக்குமாக அந்தக் காம்பராவே அதிர்ந்தது. இரண்டு சத்தத்துக்கும் மேலே இன்னொரு சத்தம் வந்தது. முனிக்கு வலிக்கிறது, அதனால்தான் அலறுகிறது என்றார் பூசாரி. நல்லது, இன்னும் இழு என்றார்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள், "ஏம்மா அழுவுறீங்க, கை வலிக்குதா?" என்று கேட்டாள். கலாராணி ஆமென்று தலையாட்டினாள்.

அக்காவின் காம்பராவில் விறகு ஈரம், புகை கண்ணைக் கரித்தது. பாக்கியலெட்சுமி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அம்மியில் கட்டச்சம்பல் அரைத்து வைத்திருந்தது. கலாராணி இத்தனை வருசம் பார்த்துக்கொண்டே இருந்த அக்காவை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்த்தாள். முதுகு வளைந்து, தாடை நெஞ்சுப் பக்கம் வந்திருந்தது. முன்பெல்லாம் கை நீட்டி எடுக்கிற தேயிலைத்தூள் டப்பாவை எடுக்க இப்போது பலகைக்கட்டையில் ஏறுகிறாள். அந்தக் கட்டை ஒரு பக்கம் ஆடுகிறது. டப்பாவுக்குப் பக்கத்தில் இழுப்பு மாத்திரைச் சீசா. டவுன் கடையில் வாங்கி வாங்கி, எத்தனையோ வருசமாகப் போடுகிற சின்ன வெள்ளை மாத்திரை.

"ஏறாதக்கா. நான் எடுக்குறேன்."

"ஒத்தக் கைய வச்சிக்கிட்டு நீ எடுக்கப் போறியாக்கும். ஒக்காரு. டொக்டர் என்னா சொன்னாரு?"

"பொம்பள டொக்டர். ஒன்னயக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. நீ அந்த மாத்திர போடுறல்ல, அது எலும்பத் தின்னுருமாம்."

"எலும்பத் திங்கிறதுக்கு என்னாத்த இருக்கு எங்கிட்ட? நாயிக்குப் போட்டாக்கூட மோந்து பாத்துட்டுப் போயிரும்." அக்கா தானே சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. "நான் எங்கயும் வரலடி. எனக்கு ஒண்ணு ஆவணும்னா அது அங்க இருக்குறது பாத்துக்கும்" என்று பீலிக்கரைப் பக்கம் தாடையைக் காட்டினாள்.

அன்றைக்குக் கலாராணி மேலே பேசவில்லை. மறுநாளும் வந்தாள், பேசவில்லை. அந்த வாரம் முழுக்க இப்படியே வந்து வந்து ரொட்டியைத் தின்றுவிட்டுப் போனாள். சொன்னால் அக்கா உடைந்துபோவாள். முனி என்று நம்பித்தானே அவள் இத்தனை வருசம் எழுந்து நடமாடுகிறாள். சொல்லாவிட்டால் இந்த மழையில் ஏதாவது ஒரு படியில் சறுக்கி விழுவாள். அந்தப் பாதமும் வெளிப்பக்கமாகத் திரும்பும். மறுபடி யாராவது உடுக்கை எடுப்பார்கள். கண்ணை மூடினால் போதும், கலாராணிக்கு அந்தப் பாதம் தெரிந்தது. சில நேரம் அது அம்மாவுடையது, சில நேரம் அக்காவுடையது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பலகைக்கட்டையில் ஏறினாள், கட்டை ஆடியது. கலாராணி ஓடிப்போய் இடுப்பைப் பிடித்தாள். கைக்குள் அடங்கிய அந்த உடம்பில் எடையே இல்லை. பிடித்த பிடியை விடாமலே சொன்னாள்.

"அக்கா, அம்மாவ முனி அடிக்கல. இடுப்பெலும்பு ஒடஞ்சிருந்துச்சு."

பாக்கியலெட்சுமி மெதுவாகக் கட்டையிலிருந்து இறங்கினாள். அடுப்பு முன்னால் உட்கார்ந்து ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"ஆஸ்பத்திரில ஒரு கெழவியப் பாத்தேன்க்கா. அதே காலு. அதே மாதிரி குட்டையா, பாதம் வெளிய திரும்பி. மிஸ்ஸுகிட்ட கேட்டேன். எலும்பு ஒடஞ்சா அப்பிடித்தான் திரும்புமாம். நம்ம அதப் போயி... நான் தோள அமுக்குனேன், நீ இழுத்த. கத்துனது முனி இல்லக்கா. அம்மா."

ரொட்டி கருகியது. எடுக்க வேண்டியவள் எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

கலாராணிக்கு விளங்கவில்லை. "என்னா தெரியும்?"

"பூச நடந்தது ஒரு நாளுதான். நீ காலையில பேரு குடுக்க பெரட்டுக்குப் போயிருவ. நான்தான தெனம் எண்ணெயக் காய்ச்சிப் போட்டு கால இழுத்துவிட்டது. உடுக்கு இல்ல, பூசாரி இல்ல. நானும் அம்மாவும் மட்டும். மூணாவதோ நாலாவதோ நாளு, கத்தல. மெதுவாச் சொன்னிச்சு. ‘தட்டான், வேணாம்டி’ன்னு."

சின்ன வயதில் பாக்கியலெட்சுமிக்குத் தட்டான்பூச்சி மாதிரிக் குச்சிக் கால். தட்டான் என்று அம்மா மட்டும்தான் கூப்பிடுவாள். அம்மா போன பிறகு அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. கலாராணிகூட மறந்திருந்தாள்.

"முனிக்கு எப்பிடிடி அந்தப் பேரு தெரியும்?"

"அப்ப ஏன்க்கா..."

"பூசாரிகிட்ட ஓடிப்போயி சொன்னேன். முனி தாய் கொரல்லயும் பேசும், ஏமாத்தப் பாக்கும், மசிஞ்சிராதன்னாரு. அதான் மசியல. இழுத்தேன். கால் நேராயிட்டா அம்மா எந்திரிச்சிரும்னு இழுத்தேன். அம்மா என்னய அப்பிடியே பாத்துக்கிட்டு கெடந்துச்சு. அதுக்கப்பறம் வாயத் தொறக்கல. சாகுற வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்த பேசல."

புகைக்குள் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. அழுகிறாளா என்றும் தெரியவில்லை.

"வெள்ளிக்கெழம தவறாம வெளக்கு வைக்கிறேன்ல? எல்லாரும் பக்தின்னு நெனக்கிறாங்க. அங்க போயி நின்னு, நீதான அடிச்ச, நீதான பேசுன, ஆமான்னு சொல்லுன்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். முனி இல்லன்னா நான் யாருடி கலா?"

கலாராணி அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கருகின ரொட்டியை எடுத்து இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை அவள் கையில் வைத்தாள். இரண்டு பேரும் சம்பல் தொட்டுத் தின்றார்கள். வெளியே லயத்துத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சல் நல்லதுக்குத்தான், வேறெதுவும் கேட்கவில்லை.

"எப்ப கிளினிக்?" என்றாள் அக்கா, கையை உதறிக்கொண்டே.

துவாரகா டொக்டர் பாக்கியலெட்சுமியின் முதுகைப் பார்த்ததும் முகம் மாறினாள். உயரம் பார்க்கச் சொன்னாள். மாத்திரைச் சீசாவை வாங்கிப் பார்த்தாள். இதை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, இழுப்பு கிளினிக்கில் காட்டி வேறு முறைக்கு மாற்ற வேண்டும் என்றாள். பிறகு அதே கேள்விகள். வயது, சிகரெட், முன்பு ஏதும் முறிந்ததா.

"அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பு எலும்பு முறிஞ்சிருந்ததோ?" கேட்டுவிட்டு, தங்கையைப் பார்த்துத் தலையாட்டினாள். "ஓ, நீங்கள் சகோதரங்கள்தானே. இல்லை எண்டு அண்டைக்குச் சொன்னனீங்கள்."

கலாராணி வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்.

"முறிஞ்சிருந்துச்சுங்க."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு மூச்சு முழுக்கத் தேவைப்பட்டது. 

"அன்னைக்கு எனக்குத் தெரியாதுங்க டொக்டரம்மா" என்றாள் கலாராணி. "எனக்கும் மாத்திக்கோங்க."

டொக்டரம்மா ஒரு இடத்தில் தட்டினாள். அவ்வளவுதான். திரையில் இலக்கம் ஏறியது. தங்கைக்கும் ஏறிக் கோட்டைத் தொட்டது. அக்காவுக்குக் கோடு எங்கேயோ கீழே நின்றது. வாரம் ஒரு மாத்திரை, இரண்டு பேருக்கும். அக்கா இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல வேற ஒண்ணும் கேக்காதுங்களா?"

"என்ன கேக்கோணும் அம்மா?"

"எத்தன நாளு கெடந்தாங்க, யாரு பாத்தா, என்னா செஞ்சாங்க... அப்பிடி."

"இல்லை அம்மா. முறிஞ்சதோ இல்லையோ, அவ்வளவுதான் கேக்கும்." அந்தப் பிள்ளைக்கு என்ன விளங்கியதோ, கதிரையை அக்காவின் பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு மாத்திரை போடும் விதத்தை நிதானமாகச் சொல்லிக் கொடுத்தாள். காலையில் எழும்பினவுடன் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். தேத்தண்ணிகூடக் குடிக்கக்கூடாது. போட்ட பிறகு அரை மணித்தியாலம் படுக்கவே கூடாது, நிமிர்ந்து இருக்க வேண்டும். படுத்தால் மாத்திரை தொண்டையைப் புண்ணாக்கிவிடும்.

"தேத்தண்ணி இல்லாமலா?" என்று பாக்கியலெட்சுமி கேட்டாள். அன்றைக்கு அவள் வெளிப்படையாகப் பயந்தது அந்த ஒருதரம்தான். டொக்டரம்மா சிரித்துவிட்டாள்.

பலகைக்கட்டையைக் கலாராணி விறகாக்கினாள். தேயிலைத்தூள் டப்பா கீழ்த்தட்டுக்கு வந்தது. பீலிக்கரைப் படியில் தோட்டத்து ஆட்களைப் பிடித்து, பற்றி இறங்க ஒரு கைக்கம்பு நடவைத்தாள். வெள்ளிக்கிழமை அக்கா விளக்கு வைக்கப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று லயத்தில் கேட்டார்கள், முட்டுவலி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் அக்காவின் இஸ்தோப்பில் உட்கார்ந்து மாத்திரையைப் போட்டுக்கொள்வார்கள். மூடுபனியில் எதிர் மலையே தெரியாது. பெரட்டு இல்லாத நாள், லயம் இன்னும் எழுந்திருக்காது. தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கீழேயிருந்து வரும்.

மாசி பிறந்த பிறகு ஒரு ஞாயிறு கலாராணி கொஞ்சம் பிந்தி வந்தாள். அக்கா மாத்திரையைப் போட்டுவிட்டுச் சுவரில் சாயாமல் உட்கார்ந்திருந்தாள். வளைந்த முதுகை எவ்வளவு நிமிர்த்த முடியுமோ அவ்வளவு நிமிர்த்தியிருந்தாள். இரண்டு கையும் மடியில் மூடிக் கிடந்தன. கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை.

"என்னாக்கா, நெஞ்சு எரியுதா? கொஞ்சம் படுத்துக்கிறியா?"

"அம்மா வந்திருக்குடி."

கலாராணி காம்பராவுக்குள் எட்டிப் பார்த்தாள். பாய் சுருட்டியிருந்தது, அடுப்பு பற்றவைக்கவில்லை, யாரும் இல்லை.

"எங்கக்கா?"

"முந்தி அம்மா கத்துற கொரலு காதுல வந்தா வெளக்க எடுத்துக்கிட்டு முனிக்கிட்ட ஓடிருவேன். இப்ப ஓட முடியாதுல்ல." அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "நீயும் மாத்திரயப் போட்டுட்டு பக்கத்துல ஒக்காரு. பேசாத. படுக்கக் கூடாதுன்னு டொக்டரம்மா சொல்லிருக்காங்க. அது கத்தி முடிக்கிற வரைக்கும் ஒக்காந்து கேக்கணும்."